டிப்ளமா மெக்கானிக்கல் முடித்தவர் கேட் (CAD, கம்ப்யூட்டரில் டிராயிங் போடும்) பயிற்சியில் எதைக் கற்றுக்கொண்டால் வேலைக்கு ஆகும்?

கேள்வி இதுதான்: "டிப்ளமா மெக்கானிக்கல் முடித்துவிட்டேன். பக்கத்து சென்டரில் ஆட்டோகேட், சாலிட்ஒர்க்ஸ், கிரியோ, கேட்டியா, அன்சிஸ் ஐந்தும் சேர்த்து மூன்று மாத பேக்கேஜ் என்கிறார்கள். சேரலாமா? டிசைன் வேலை கிடைக்குமா?"

அந்த பேக்கேஜில் சேர வேண்டாம். மூன்று மாதத்தில் ஐந்து சாஃப்ட்வேர் என்றால் ஒவ்வொன்றிலும் ஐகான் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைக்கத்தான் நேரம் இருக்கும். ஆட்டோகேட் ஒன்று, 3டி சாஃப்ட்வேர் ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். மிச்ச நேரத்தை டிராயிங் படிப்பதிலும், அளப்பதிலும், டாலரன்ஸிலும் (ஒரு அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது) செலவழியுங்கள். சாலிட்ஒர்க்ஸ் ஒழுங்காகத் தெரிந்தவர் கிரியோவுக்கு மாற ஒரு மாதம் போதும். ஒரு ஷாஃப்ட்டுக்கு எந்த இடத்தில் எந்த டாலரன்ஸ் போட வேண்டும் என்று தெரியாதவர் எந்த சாஃப்ட்வேருக்கு மாறினாலும் அதே இடத்தில்தான் நிற்பார். பார்ட் லோடு தாங்குமா என்று கணக்குப் போடும் அன்சிஸ் இப்போது தேவையே இல்லை. லோடு எங்கே வருகிறது, எந்த முகத்தைப் பிடித்து வைக்க வேண்டும் என்று தெரியாமல் ஓட்டினால் அது கலர் படம் மட்டும்தான் தரும்.

கோவை, அம்பத்தூர், ஓசூர் பக்கம் சிறு, நடுத்தர கம்பெனிகள் டிசைனுக்கு ஆள் எடுக்கும்போது சர்டிஃபிகேட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு டெஸ்ட் வைப்பார்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒரு மெஷினிங் செய்த பார்ட், ஒரு வெர்னியர், ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, "அளந்து கையால் ஸ்கெட்ச் போடுங்கள்" என்பது ஒன்று. பிரிண்ட் கொடுத்து 3டி மாடல் செய்யச் சொல்லி, கடைசியில் எடை எவ்வளவு என்று கேட்பது இன்னொன்று. அசெம்பிளி டிராயிங்கை விரித்து, "இதை எந்த வரிசையில் மாட்டுவீர்கள், கழற்றும்போது எதை முதலில் எடுப்பீர்கள்" என்பது மூன்றாவது. மூன்றிலும் கமாண்ட் பெயர் கேட்கப்படுவதில்லை. எடைக் கேள்வியில் நிறையப் பேர் விழுகிறார்கள். சாலிட்ஒர்க்ஸில் மெட்டீரியல் கொடுக்காமல் விட்டால் அது தண்ணீரின் அடர்த்தியை எடுத்துக்கொள்ளும். ஸ்டீலின் அடர்த்தி 7.85. விடை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காக வந்திருக்கும், அதைப் பார்த்ததும் சந்தேகம் வர வேண்டும். 40 மி.மீ. விட்டம், 300 மி.மீ. நீள உருண்டைக் கம்பி ஏறத்தாழ 3 கிலோ என்று ஒரு கணக்கு மனதில் இருந்தால் இந்தத் தப்பை அங்கேயே பிடித்துவிடலாம்.

சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு வாரம் புரொஜெக்ஷனில் (ஒரு பொருளை முன், மேல், பக்கம் என்று தாளில் வரையும் முறை) இருங்கள். டிப்ளமாவில் படித்ததுதான், ஆனால் பரீட்சைக்குப் பிறகு பலருக்கும் மறந்திருக்கும். இந்தியத் தரக் கழகத்தின் எஸ்பி 46 டிராயிங் கையேட்டை ஒட்டி நாம் வரைவது ஃபர்ஸ்ட் ஆங்கிள். அதில் டாப் வியூ, ஃப்ரண்ட் வியூவுக்குக் கீழே வரும். வலப்பக்கத்திலிருந்து பார்த்தது இடப்பக்கம் வரும். அமெரிக்க கஸ்டமர் டிராயிங் தேர்ட் ஆங்கிள். அதில் எல்லாம் அந்தந்தப் பக்கத்திலேயே இருக்கும். டைட்டில் பிளாக்கில் வெட்டிய கூம்பின் சின்னம் எப்படிப் போட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பார்க்காமல் மாடல் செய்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பார்ட்டில் தப்பு தெரியவே தெரியாது. ஒரு பக்கம் மட்டும் துளை இருக்கும் எல் பிராக்கெட்டில் வலதுகைப் பார்ட்டுக்குப் பதில் இடதுகைப் பார்ட் வரும். அது தெரிவது வெண்டரிடமிருந்து மொத்த லாட்டும் வந்து இறங்கிய பிறகு.

அளப்பதும் பழக வேண்டிய வேலை. எல்லாத் துளையையும் வெர்னியரால் நேரடியாக அளந்துவிட முடியாது. ஃபிளாஞ்சில் நான்கு அல்லது ஆறு துளை இருந்தால் எதிரெதிர்த் துளைகளின் உள்விளிம்புக்கு உள்விளிம்பு அளந்து, ஒரு துளையின் விட்டத்தைக் கூட்டினால் பிசிடி, அதாவது துளை மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம், கிடைத்துவிடும். மூன்று அல்லது ஐந்து துளை என்றால் எதிரில் துளை இருக்காது. அப்போது பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையத்துக்கு மையம் தூரத்தை எடுத்து, மூன்று துளைக்கு 0.866-ஆலும், ஐந்து துளைக்கு 0.588-ஆலும் வகுக்க வேண்டும். ஐந்து துளை ஃபிளாஞ்சில் அந்தத் தூரம் 47 மி.மீ. வந்தால் பிசிடி 80. அளவு 79.9 என்று வந்தால் 79.9 என்றே டிராயிங்கில் எழுதுவது புதியவர்கள் செய்வது. வரைந்தவர் 80-தான் நினைத்திருப்பார். மரைக்குப் பிட்ச் கேஜ், மூலை வளைவுக்கு ரேடியஸ் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எம்10 நார்மல் பிட்ச் 1.5, ஃபைன் பிட்ச் 1.25. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், நட்டு இரண்டு சுற்று ஏறியதும் இறுகி நின்றுவிடும்.

அடுத்து டாலரன்ஸ். வேலையில் மதிப்பும் சம்பளமும் ஏறுவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு சாதாரண ஷாஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு முனையிலும் 6205 பேரிங், ஒரு பக்கம் புல்லி. 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15. சென்டரில் படித்துவிட்டு வருபவர் பேரிங் உட்காரும் இடத்துக்கு விட்டம் 25 என்று எழுதி நிறுத்திவிடுவார். டைட்டில் பிளாக்கில் ஐஎஸ்ஓ 2768 மீடியம் என்று இருந்தால், தனி டாலரன்ஸ் இல்லாத 25-க்கு அது கூட்டல் கழித்தல் 0.2 தருகிறது. லேத்காரர் 24.85-க்குக் கடைந்து கொடுத்தாலும் டிராயிங்படி அது சரியான பார்ட்தான். ஆனால் பேரிங் அதில் லொடலொடவென்று ஆடும். உள் வளையம் ஷாஃப்ட்டின் மேல் வழுக்கிச் சுற்றி, கொஞ்ச நாளில் ஷாஃப்ட்டையே தின்றுவிடும். 25.15 வந்தாலோ பேரிங் ஏறவே ஏறாது, சுத்தியலால் அடித்து ஏற்றப் பார்ப்பார்கள், அதோடு பேரிங்கின் கதை முடிந்தது.

அங்கே 25 கே6 (சின்ன எழுத்து k) என்று எழுத வேண்டும். அதாவது 25.002-லிருந்து 25.015 வரை. பேரிங்கின் உள்விட்டம் 25.000-லிருந்து 24.990 வரைக்குள் வரும். ஆக எந்தப் பேரிங்கை எடுத்தாலும், எந்த ஷாஃப்ட்டை எடுத்தாலும் இறுக்கம் 0.002-க்கும் 0.025-க்கும் நடுவில் இருக்கும். ஹவுசிங் பக்கம் 52 ஹெச்7 (பெரிய எழுத்து H), அதாவது 52.000-லிருந்து 52.030. சுற்றுவது ஷாஃப்ட் என்பதால் உள் வளையத்துக்கு இறுக்கம், வெளி வளையம் தள்ளினால் நகர வேண்டும். சூடேறி ஷாஃப்ட் நீளும்போது ஒரு பக்கத்து பேரிங் ஹவுசிங்குக்குள் கொஞ்சம் நகர வழி இருந்தால்தான் பிழைக்கும். எழுதுவது இரண்டு எழுத்து, இரண்டு எண். அதற்குப் பின்னால் இவ்வளவு யோசனை இருக்கிறது.

விட்டத்தோடு முடியவில்லை. பேரிங் முட்டி நிற்கும் தோளின் மூலையில் வளைவு எவ்வளவு? 6205-இன் மூலை வளைவு குறைந்தது 1 மி.மீ. ஷாஃப்ட் மூலையில் அதைவிடச் சிறியதாக, ஆர் (ரேடியஸ்) 0.6 மாதிரி கொடுக்க வேண்டும். ஆர் 2 கொடுத்தால் பேரிங் தோளைத் தொடாமல் வளைவின் மேலேயே உட்கார்ந்துவிடும். அடியில் ஒரு ஃபீலர் கேஜ் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். வளைவே கொடுக்காமல் கூர்மையாக விட்டால் ஷாஃப்ட் பின்னாளில் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். தோளின் விட்டம் 32 சுமார் இருக்கலாம். 40 என்று வைத்தால் உள் வளையம் முழுக்க மறைந்து, பேரிங்கைக் கழற்ற புல்லர் பிடிக்க இடமே இருக்காது. அசெம்பிளி டிராயிங்கை வைத்து "எப்படிக் கழற்றுவீர்கள்" என்று கேட்பது இதற்குத்தான்.

புல்லி உட்காரும் இடம் 24 விட்டம் என்று வைத்துக்கொள்வோம். 22-க்கு மேல் 30 வரை விட்டத்துக்கு கீ (புல்லியையும் ஷாஃப்ட்டையும் சேர்த்துச் சுற்றவைக்கும் கட்டை) 8 அகலம், 7 உயரம். ஷாஃப்ட்டில் வெட்டும் ஆழம் 4, புல்லியில் 3.3. இந்த 4-ஐ அப்படியே டிராயிங்கில் போட்டால் இன்ஸ்பெக்ஷன்காரர் எதிலிருந்து அளப்பார்? கீவே வெட்டிய பிறகு அந்த இடத்தில் வட்டத்தின் மேல் விளிம்பே இல்லை. அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து கீவேயின் அடிவரை 20 என்று கொடுத்து, டாலரன்ஸ் பூஜ்யம், கழித்தல் 0.2 என்று போடுவதுதான் வழக்கம். வெர்னியர் நேராக அங்கே உட்காரும். டைமென்ஷன் போடும் ஒவ்வொரு இடத்திலும் "இதை யார், எதை வைத்து, எங்கிருந்து அளப்பார்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதித் தப்பு அங்கேயே போய்விடும்.

நீளவாக்கு அளவுகளைச் சங்கிலியாகப் போடுவது இன்னொரு பழக்கம். ஐந்து படி, ஒவ்வொன்றும் கூட்டல் கழித்தல் 0.2 என்றால் மோசமான நிலையில் மொத்த நீளம் 1 மி.மீ. வரை மாறும். இரண்டு பேரிங் தோள்களுக்கு நடுவில் உள்ள தூரம்தான் முக்கியம் என்றால் அதை நேரடியாகக் கொடுத்து, முக்கியமில்லாத ஒரு படியை அளவில்லாமல் விட்டுவிட வேண்டும். இரண்டு பேரிங் இருக்கையும் ஒரே அச்சில் இருக்க ரன்அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) 0.02, அந்த இருக்கைகளுக்கு மட்டும் ஆர்ஏ (மேற்பரப்பின் சொரசொரப்பு) 0.8, மற்ற இடமெல்லாம் 3.2. பயந்துபோய் எல்லா இடத்திலும் 0.01 டாலரன்ஸும் 0.8 ஃபினிஷும் போட்டால் லேத்தில் முடிய வேண்டிய ஷாஃப்ட் முழுக்க கிரைண்டிங்குக்குப் போகும். வெண்டரின் கொட்டேஷன் வந்ததும் பர்ச்சேஸ்காரர் உங்கள் மேஜைக்கு வந்துவிடுவார்.

3டி மாடலிங்குக்கு வருவோம். சென்டர்களில் வேகமாக மாடல் செய்வதைத்தான் பாராட்டுகிறார்கள். கம்பெனியில் வேகத்தைவிட, அடுத்தவர் அந்த மாடலைத் திறந்து ஒரு அளவை மாற்றினால் உடையாமல் நிற்கிறதா என்பதுதான் பார்க்கப்படும். சாலிட்ஒர்க்ஸ் ஸ்கெட்ச்சில் கோடு நீலமாக இருந்தால் அது இன்னும் முழுதாகக் கட்டப்படவில்லை, கறுப்பானால்தான் எல்லா அளவும் உறவும் கொடுத்தாயிற்று. நீலத்தோடு எக்ஸ்ட்ரூட் செய்துவிட்டுப் போனால் பிறகு எங்கோ ஒரு மவுஸ் இழுப்பில் துளை 0.3 மி.மீ. நகர்ந்திருக்கும், யாருக்கும் தெரியாது. ஃபில்லெட்டையும் (விளிம்பு வளைவு) சாம்ஃபரையும் (விளிம்புச் சரிவு) கடைசியில் போடுங்கள். ஃபில்லெட் போட்ட விளிம்பைப் பிடித்து இன்னொரு ஸ்கெட்ச் வரைந்தால், ஃபில்லெட்டின் ரேடியஸை மாற்றியதும் அந்த விளிம்பே காணாமல் போய், ஃபீச்சர் ட்ரீ முழுக்கச் சிவப்பாகும். ஒரிஜினையும் மூன்று அடிப்படைத் தளங்களையும் பிடித்து வரைந்தால் இந்தத் தொல்லை குறையும். சமச்சீரான பார்ட் என்றால் நடுத்தளம் பார்ட்டின் நடுவிலேயே இருக்கட்டும். அசெம்பிளியில் பார்ட்டுகளைப் பொருத்தும் மேட் கொடுக்கும்போது அந்தத் தளம் கைகொடுக்கும்.

ஒரு சோதனை: மாடல் முடிந்ததும் முக்கியமான மூன்று அளவுகளை 20 சதவீதம் கூட்டியும் குறைத்தும் ரீபில்ட் கொடுங்கள். எரர் வந்தால் வரைந்த முறை தப்பு. படிக்கும் காலத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் இதைச் செய்தால், ஃபீச்சர்களை எந்த வரிசையில் போட வேண்டும் என்பது தானாகப் பிடிபடும்.

துளைக்கு வட்டம் வரைந்து கட் போடாதீர்கள், ஹோல் விசார்டில் போடுங்கள். எம்8 மரைக்கு டிரில் 6.8, எம்6-க்கு 5, எம்10-க்கு 8.5. எம்8 போல்ட் சும்மா நுழைய 9, எம்6-க்கு 6.6. இவை டிசைனருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். 8 மி.மீ. வட்டம் வரைந்து அதற்குப் பக்கத்தில் எம்8 என்று டெக்ஸ்ட் அடித்தால், மாடலை நேரடியாகக் கேமில் (CAM, மெஷினுக்கு புரோகிராம் எழுதும் சாஃப்ட்வேர்) ஏற்றும் விஎம்சி மெஷின் ஆபரேட்டர் 8 மி.மீ. டிரில் ஓட்டிவிடுவார். பிறகு டேப் போட்டு மரை வெட்ட அங்கே உலோகம் இருக்காது. பாக்கெட்டின் உள்மூலைகளையும் கூர்மையாக விடாதீர்கள். எண்ட்மில் உருளையான கட்டர், அதன் ஆரத்தைவிடச் சின்ன மூலை அதற்கு வராது. 10 மி.மீ. கட்டர் ஓடும் என்றால் மூலைக்கு ஆர் 5 கொடுப்பதைவிட ஆர் 6 நல்லது. சரியாக 5 கொடுத்தால் கட்டர் மூலையில் முழுக்க மாட்டி அதிர்ந்து, சுவரில் கோடு விழும்.

ஷீட் மெட்டல் இப்போது வேலைக்கு நுழைய நல்ல வழி. லேசர் கட்டிங், பெண்டிங் செய்யும் ஜாப் ஷாப்கள் தொழிற்பேட்டைகளில் நிறைய இருக்கின்றன, அங்கே தினமும் டிஎக்ஸ்எஃப் (லேசர் மெஷினுக்குக் கொடுக்கும் 2டி டிராயிங் ஃபைல்) போட்டுத்தர ஆள் வேண்டும். இங்கே தெரிய வேண்டியது விரிநீளக் கணக்கு. 2 மி.மீ. தகடு, வெளி அளவு 50-ம் 30-ம் உள்ள ஒரு எல், வளைவின் உள் ஆரம் 2. வெட்ட வேண்டிய நீளம் 50 கூட்டல் 30, 80 என்று போட்டால் தப்பு. வளைவு பிடிக்கும் பகுதியை, அதாவது ஆரமும் தடிமனும் சேர்ந்த 4 மி.மீ.யை, ஒவ்வொரு கையிலிருந்தும் கழித்தால் நேர்ப் பகுதிகள் 46-ம் 26-ம். வளைவுக்குள் இருக்கும் நீளம், கே ஃபேக்டர் (வளைக்கும்போது நீளம் மாறாத கோடு, தடிமனில் உள்பக்கத்திலிருந்து எத்தனை பங்கில் இருக்கிறது என்ற எண்) 0.44 என்று வைத்தால், 1.571-ஐ 2 கூட்டல் 0.88-ஆல் பெருக்க 4.52. மொத்தம் 76.52. வித்தியாசம் மூன்றரை மி.மீ., அதுவும் ஒரே ஒரு வளைவுக்கு. நான்கு வளைவு உள்ள பேனல் பெட்டியில் மூடி உட்காரவே உட்காராது.

சாஃப்ட்வேர் இந்தக் கணக்கைத் தானே போடும். ஆனால் அது எந்த கே ஃபேக்டரை எடுத்துக்கொள்கிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த எண் மெட்டீரியலையும், பிரெஸ் பிரேக்கில் போடும் வி டையின் திறப்பையும், பஞ்ச்சின் மூக்கையும் பொறுத்து மாறும். பெண்டிங் செய்யும் இடத்தில் ஒரு 100 மி.மீ. துண்டை நடுவில் 90 டிகிரி வளைத்துத் தரச் சொல்லி, இரண்டு கையையும் அளந்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டு அவர்களுக்கான எண்ணைக் கண்டுபிடிக்கலாம். அதை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டவருக்கு அந்தக் கம்பெனியில் மரியாதையே தனி. வளைவுக்கு மிகப் பக்கத்தில் துளை வைத்தால் அது முட்டை வடிவில் இழுபடும். துளை விளிம்பிலிருந்து வளைவு தொடங்கும் இடம் வரை, தடிமனின் இரண்டரை மடங்கோடு ஆரத்தைக் கூட்டிய அளவு, இந்தத் தகட்டுக்கு 7 மி.மீ., விட்டால் பயமில்லை.

டிஎக்ஸ்எஃப் அனுப்பும்போது நடக்கும் கூத்துகள் தனி. டைட்டில் பிளாக்கும் டைமென்ஷனும் அப்படியே இருக்கும் ஃபைலை அனுப்புவது, 1:2 ஸ்கேலில் இருக்கும் வியூவை அனுப்புவது, இன்ச்சில் சேவ் ஆனதைக் கவனிக்காதது, பெண்ட் கோட்டை வெட்டும் லேயரிலேயே விட்டுவிடுவது. கடைசியில் சொன்னது நடந்தால் லேசர் அந்தக் கோட்டிலும் வெட்டிப் பார்ட்டை இரண்டாக்கித் தந்துவிடும். ஒரே கோட்டின் மேல் இன்னொரு கோடு கிடந்தால் மெஷின் அதே இடத்தில் இரண்டு தடவை ஓடும். ஆட்டோகேட்டில் ஓவர்கில் கொடுத்தால் இரட்டைக் கோடு போகும். ஜாயின் கொடுத்துப் பார்த்தால் வெளிக்கோடு மூடியிருக்கிறதா என்று தெரியும்.

ஆட்டோகேட் பழசாயிற்று, படிக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. 1982-இல் வந்தது, இன்னும் பழைய டிராயிங் எல்லாம் அதில்தான் கிடக்கிறது. லேஅவுட், ஃபவுண்டேஷன் டிராயிங், பேனல் வயரிங், லேசர் ஃபைல் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. ஒரு மாதம் ஒதுக்கினால் போதும். மாடல் ஸ்பேஸில் எப்போதும் 1:1-இல் வரைவது, ஸ்கேலை லேஅவுட்டின் வியூபோர்ட்டில் மட்டும் கொடுப்பது, லேயர், பிளாக், எக்ஸ்ரெஃப் (வேறு டிராயிங்கை இணைத்துக் காட்டுவது), இவ்வளவு ஒழுங்காக வந்தால் சரி. ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்: கோடு 98-ஆக இருக்கும்போது டைமென்ஷன் எண்ணை மட்டும் அழித்து 100 என்று கையால் அடிப்பது. பிரிண்ட்டில் 100 என்றுதான் தெரியும். லேசருக்கு எண் படிக்கத் தெரியாது, கோட்டைத்தான் வெட்டும்.

வார்ப்பு பார்ட்டும் பிளாஸ்டிக் பார்ட்டும் தனித்தனிக் கடல், தொடக்கத்தில் அடிப்படை போதும். கோவையில் பம்ப், வால்வு கம்பெனிகளைக் குறிவைத்தால் வார்ப்பு தெரிய வேண்டும்: பேட்டர்ன் மணலிலிருந்து உருவிவர 1 முதல் 3 டிகிரி டிராஃப்ட் (பக்கச் சாய்வு), மெஷினிங் வரும் முகத்தில் கூடுதல் உலோகம், வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்க பேட்டர்னில் சுமார் 1 சதவீதம் பெரிசு. ஓரிடத்தில் 8 மி.மீ. சுவர், பக்கத்திலேயே 40 மி.மீ. கட்டி என்று வைத்தால் கட்டி கடைசியில் உறைந்து உள்ளே ஓட்டை விழும். பிளாஸ்டிக்கில் ரிப்பின் தடிமன் சுவரின் பாதியிலிருந்து 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மீறினால் வெளிமுகத்தில் குழி தெரியும். மோல்டு பக்கம் போக விருப்பம் என்றால் கிண்டியில் இருக்கும் சிப்பெட் என்ற மத்திய பிளாஸ்டிக் பயிற்சி நிறுவனத்தில் அதற்கென்றே படிப்புகள் உண்டு.

சென்டர்களில் சொல்லித்தராத ஒன்று, ஃபைல் ஒழுங்கு. அசெம்பிளி ஃபைலை மட்டும் மெயிலில் அனுப்பிவிட்டு, "திறக்கவில்லை, பார்ட் காணோம்" என்று பதில் வாங்குவது புது ஆட்களுக்கு வாடிக்கை. அசெம்பிளிக்குள் பார்ட்டுகள் இல்லை, அவை இருக்கும் இடத்தின் விலாசம்தான் இருக்கிறது. பேக் அண்ட் கோ கொடுத்தால் எல்லாம் சேர்ந்து வரும். வேறு சாஃப்ட்வேர் வைத்திருப்பவருக்கு ஸ்டெப் ஃபைல் அனுப்ப வேண்டும், எஸ்டிஎல் அல்ல. எஸ்டிஎல் முக்கோணங்களின் குவியல், 3டி பிரிண்டருக்கு ஆகும், அதில் துளையின் விட்டத்தைக்கூடச் சரியாக எடுக்க முடியாது. டிராயிங் ஒரு தடவை வெளியே போய்விட்டால் அதே எண்ணில் சத்தமில்லாமல் மாற்றக் கூடாது. ரிவிஷன் ஏ, பி என்று ஏற்றி, எந்த அளவு எதிலிருந்து எதற்கு மாறியது, என்றைக்கு, யார் சொல்லி என்று ரிவிஷன் டேபிளில் எழுத வேண்டும். "ஃபைனல்", "ஃபைனல் நியூ", "ஃபைனல் நியூ 2" என்று ஃபோல்டர் நிறைய ஃபைல் வைத்திருப்பவரிடம் ஒருநாள் பழைய டிராயிங்கில் இருநூறு பார்ட் ஓடி முடிந்திருக்கும். பிஓஎம்மில் (பார்ட் பட்டியல்) போல்ட், வாஷர், சர்க்லிப் உட்பட எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை சரியாக வர வேண்டும், பர்ச்சேஸ் அதைப் பார்த்துத்தான் வாங்கும். இன்டர்ஃபியரன்ஸ் செக் ஓட்டினால் ஒன்றோடொன்று இடிப்பது தெரியும். ஆனால் ஆலன் கீ நுழைய இடமிருக்கிறதா, அந்த போல்ட்டை எந்தப் பக்கத்திலிருந்து போடுவது என்பதை அது சொல்லாது. அதற்கு ஆள்தான் வேண்டும்.

எந்த 3டி சாஃப்ட்வேர் என்றால், நீங்கள் வேலை தேடப்போகும் ஊரைப் பாருங்கள். கோவைச் சிறு, நடுத்தர கம்பெனிகளில் சாலிட்ஒர்க்ஸ் அதிகம். சென்னை, ஓசூர் ஆட்டோமொபைல் சப்ளையர்களிடம் கஸ்டமர் என்ன கேட்கிறாரோ அது: கேட்டியா, என்எக்ஸ், கிரியோ. ஸ்டீல் ஸ்ட்ரக்சர் டீடெய்லிங் வேலைக்கு டெக்லா, கட்டடங்களுக்கு ரெவிட், அந்த இரண்டும் வேறு பாதை. முடிவு செய்ய எளிய வழி, போக நினைக்கும் பத்துக் கம்பெனிகளின் வேலை விளம்பரத்தை எடுத்து எந்தப் பெயர் அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது. வீட்டில் பழகக் காசு இல்லை என்பது தடையல்ல. ஃப்ரீகேட் முழுக்க இலவசம், ஃபியூஷனுக்குச் சொந்த உபயோகத்துக்கு இலவச உரிமம் உண்டு, ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசம். கிராக் செய்த சாஃப்ட்வேரைக் கம்பெனி கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகாதீர்கள், பிரச்சினை அவர்களுக்கு வரும், வேலை உங்களுக்குப் போகும். இன்னும் கல்லூரியில் படிப்பவர்கள் 'நான் முதல்வன்' திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு எந்தப் பயிற்சி வருகிறது என்று முதலில் கேளுங்கள், காசு கொடுத்துச் சேர்வதைப் பிறகு பார்க்கலாம்.

சென்டரைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்வி போதும். ஒரு ஆளுக்கு ஒரு சிஸ்டமா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? சொல்லித்தருபவர் கம்பெனியில் டிராயிங் ரிலீஸ் செய்த அனுபவம் உள்ளவரா? நான் வரைந்த டிராயிங்கைச் சிவப்புப் பேனாவால் திருத்தித் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். திருத்தம் இல்லாத பயிற்சியை வீட்டில் வீடியோ பார்த்தே முடிக்கலாம்.

இதோடு அப்ரெண்டிஸ்ஷிப்பையும் யோசியுங்கள். டிப்ளமா, பட்டம் முடித்தவர்களுக்கு ஓராண்டு தொழிற்பழகுநர் பயிற்சியைத் தரமணியில் இருக்கும் தென்மண்டல வாரியம் பார்த்துக்கொள்கிறது, உதவித்தொகையும் உண்டு. டிசைனில் இடம் கிடைக்காமல் டூல் ரூமிலோ இன்ஸ்பெக்ஷனிலோ போட்டாலும் போங்கள். எந்த டாலரன்ஸை எந்த மெஷின் பிடிக்கும் என்று அங்கே ஒரு வருடம் பார்த்தவரின் டிராயிங்கை அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். டிசைனிலேயே இருந்து வளர்வதற்கும் வழிகள் உண்டு: டிராஃப்ட்ஸ்மேனிலிருந்து டிசைனர், ஃபிக்சர் டிசைன், கேம் புரோகிராமிங், காஸ்டிங் எஸ்டிமேஷன். கடைசியில் சொன்னதை யாரும் நினைப்பதில்லை. மாடலிலிருந்து எடை எடுத்து, எந்தக் கம்பியில் எத்தனை கிலோ வாங்கி எத்தனை கிலோ சீவலாகப் போகும், எத்தனை செட்டிங் என்று கணக்குச் சொல்பவர் கொட்டேஷன் போடும் மேஜைக்குப் போய்விடுவார்.

போர்ட்ஃபோலியோவில் ஸ்க்ரூ ஜாக், பிளம்மர் பிளாக், யுனிவர்சல் கப்ளிங் வேண்டாம். எல்லார் கையிலும் அதே மூன்றுதான், பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பார்கள். வீட்டில் இருப்பதை அளந்து வரையுங்கள்: டில்டிங் கிரைண்டரின் சாய்க்கும் பாகம், பழைய மோனோபிளாக் பம்பின் மூடியும் இம்பெல்லரும், சைக்கிள் ஹப். ஐந்து பொருள் போதும். ஒவ்வொன்றுக்கும் அசெம்பிளி, பிஓஎம், பார்ட் டிராயிங், எங்கெங்கே என்ன ஃபிட் என்று காரணம் எழுதிய ஒரு பக்கம். பளபளக்கும் ரெண்டரிங் படங்களை விட்டுவிடுங்கள். ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோங்கள், லேப்டாப்பைத் திறந்து காட்ட அங்கே நேரம் கிடைக்காது. பேட்டி எடுப்பவர் ஏதாவது ஒரு அளவின் மேல் விரலை வைத்து "இது ஏன் ஹெச்7?" என்று கேட்பார். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது என்று சொல்ல வேண்டியிருந்தால், அந்த டிராயிங்கைக் கட்டிலிருந்து எடுத்துவிட்டுப் போவது உத்தமம்.